மூன்று செவ்வாய்

இருளாயியின் முகத்தில் அம்மைத் தழும்பு விழாத இடம் கண்ணிமை இரண்டும்தான். எட்டு வயதில் கப்பலில் வந்து இறங்கி, பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் எல்லாரையும் அடைத்து வைத்திருந்தபோது அவளுக்கு முத்து கண்டது. தாயார் அந்தத் தீவிலேயே போய்விட்டார். தகப்பனார் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் ஒரு தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். இவள் உள்ளேயிருந்து ‘இருக்கேன்’ என்பாளாம். அவ்வளவுதான் பேச்சு. நாற்பத்தோரு நாள் அப்படிப் போனதாக அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு மைல் உள்ளே, சுண்ணாம்பு மலையடியில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். கல்லுமலைத் தோட்டம் என்போம். நடுவில் ஒரு சின்ன ஆறு ஓடியது. இந்தப் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இரண்டு லயம், மாரியம்மன் கோயில், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக்கொட்டகை. அந்தப் பக்கம் ஆபீசு, ரப்பர்ப் பால் ஸ்டோர், கணக்குப் பார்க்கும் கிராணி வீடு, டவுனுக்குப் போகும் செம்மண் சடக்கு. இரண்டுக்கும் ஒரே ஒரு மரப்பாலம். என் வீட்டுக்காரர் மாயாண்டி கோயிலுக்குப் பூசாரி. இருளாயி எங்கள் பக்கத்து வீடு. மரத்தைக் கீறிக் கோப்பையில் பால் பிடிப்பதை மரம் வெட்டுவது என்போம்; அதில் அவள் கெட்டிக்காரி.

எங்கள் தோட்டத்துப் பத்துமலை அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது லயத்தில் சிரிக்காதவர் இல்லை. அவர் சளைக்கவில்லை. “கை நல்லா மரம் வெட்டுது. மொகத்தையா கோப்பையில புடிக்கப் போறோம்?” என்றார். அந்தப் பேச்சுக்கு இருளாயியும் சிரித்தாள்.

பத்துமலைக்கு எல்லாவற்றிலும் தைரியம் உண்டு, ஊசி ஒன்றைத் தவிர. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மை குத்த ஆஸ்பத்திரி டிரசர் வருவார். அன்றைக்குத் தோட்டத்தில் பாதி ஆண்கள் மலைக் குகையில் இருப்பார்கள். கை வீங்கினால் இரண்டு நாள் வேலை போகும் என்று சிலர். அம்மா விரும்பினால் வருவாள், நாமாகக் குத்தி வரவழைப்பதா என்று சிலர். என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்தான். நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று வருஷத்தில் வாத்தியார் பிடித்து வைத்துக் குத்தவிட்டதால் தப்பினேன். இருளாயியின் மகள் பாப்பா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது டிரசர் வந்தார். இருளாயி மரம் வெட்டப் போயிருந்தாள். பத்துமலை ஆயாக்கொட்டகையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு குகைக்குப் போய்விட்டார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பினார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துக்கு டிரசர் வரவில்லை. ஜப்பான்காரன்தான் வந்தான்.

ஜப்பான்காரன் வந்தபிறகு மரம் வெட்டுவது நின்றது. மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு போட்டோம். கிராணி குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். 1943 ஆடி மாதம் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் பதினேழு பேர் போனார்கள். அதில் பத்துமலையும் ஒருவர். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதம் போயிற்று. ஆறும் போயிற்று.

மாசி மாதம் இரண்டாவது லயத்தில் ஒரு வீட்டில் முத்து கண்டது. அடுத்த வாரம் மூன்று வீடு. டவுன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினோம். மருந்து இல்லை என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் அம்மன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, காப்புக் கட்டப் போகிறேன் என்றார்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கட்டின பிறகு உள்ளே இருப்பவர்கள் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக்கூடாது. வெளியூர் ஆட்கள் உள்ளே வரக்கூடாது. கவிச்சி கூடாது, தாளிப்பு கூடாது, கல்யாணப் பேச்சு கூடாது. எட்டாம் நாள் அவிழ்ப்பார்கள். நாங்களும் எட்டு நாள்தானே என்று நினைத்தோம். தாளிப்புக் கூடாது என்றதற்கு ஒரு கிழவர், தாளிக்க எண்ணெய் எங்கே இருக்கிறது காட்டு என்று கேட்டார். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தோம்.

பூசாரி மஞ்சள் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இது எட்டு நாள் காப்பு இல்லை. கடைசியாக முத்து கண்டவருக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி, அதற்கப்புறம் மூன்று செவ்வாய் தாண்ட வேண்டும். நடுவில் புதிதாக ஒருவருக்குக் கண்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. அதுவரை யாரும் பாலம் தாண்டக்கூடாது. அம்மா அழைத்துப் போனவர்களுக்காக அழக்கூடாது, தப்பு அடிக்கக்கூடாது. அழுவது அவளைக் குறை சொல்வது.

பாலத்தின் இரண்டு பக்கமும் வேப்பிலைத் தோரணம் கட்டினோம். ஆயாக்கொட்டகையில் தொட்டில்களை அவிழ்த்துவிட்டு, முத்து கண்டவர்களையெல்லாம் அங்கே படுக்க வைத்தோம். அம்மா ஏற்கெனவே விளையாடின உடம்பு என்று இருளாயியை அவர்களுக்குக் காவல் வைத்தார் பூசாரி. வெளியிலிருந்து வரும் அரிசியைப் பாலத்தில் வாங்குவதும் அவள் வேலை. ஜப்பான்காரன் ஒருவன் ஒரே ஒரு தடவை வந்தான். பாலத்தடியில் நின்று தோரணத்தைப் பார்த்தான். கூட வந்த ஆள் விளக்கிச் சொன்னதும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் நாங்கள் பாலத்து நடுவில் கிழங்கு மூட்டையை வைப்போம். அவர்கள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் அரிசியை வைத்துவிட்டுப் போவார்கள்.

இருளாயி கொட்டகையிலேயே தங்கினாள். பாப்பாவை என்னிடம் விட்டாள். கொட்டகையிலிருந்து வெளியே வந்தால் ஆற்றில் தலை முழுகுவாள். பாலத்தருகே ஒரு கம்பத்தில் தனியாக ஒரு சாக்குத் துணி தொங்கும். அதை மாற்றிக் கட்டிக்கொண்டுதான் பாலத்தில் கால் வைப்பாள். பாப்பாவை மட்டும் அப்படி முழுகியும் தொடமாட்டாள். என் வீட்டு வாசலுக்கு இருபது அடி தள்ளி நின்று, “பாப்பா” என்பாள். பாப்பா “இருக்கேன்” என்று சொல்லும். அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் பழக்கியிருந்தாள்.

மூன்றாவது மாதத்தில் என் கைக்குழந்தை போயிற்று. பெண் குழந்தை. கோயிலுக்குப் பின்னால், கிழங்குக் காட்டுக்கு அப்பால் வைத்தோம். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து சாயங்கால விளக்கை ஏற்றினார். நான் பாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தேன்.

இரண்டு செவ்வாய் வரை எண்ணுவோம். எங்கேயாவது ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடும். மறுபடி ஒன்று. இப்படியே ஆறு மாதம் போனது. முதலில் எண்ணிக்கை உடையும்போது பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். பிற்பாடு, ‘சரி, ஒண்ணு’ என்று சொல்லிவிட்டுக் கிழங்கு உரிக்கப் போய்விடுவோம்.

ஆவணி மாதம் ஒரு காலையில் பத்துமலை வந்தார்.

நான் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சடக்கில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. கால் இரண்டும் வீங்கி, மேலே ஒன்றும் இல்லாமல், இடுப்பில் ஒரு கந்தல். எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருளாயி அரிசிக்காகப் பாலத்தடியில் நின்றிருந்தாள். நடையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பாலத்தில் ஒரு கால் வைத்தார்.

“அங்கேயே நில்லுங்க,” என்றாள்.

அவர் நின்றார். “நான்தான் புள்ள.”

“தெரியுது. காப்புக் கட்டியிருக்கு. உள்ளாற அம்மா இருக்கா.”

அவர் தோரணத்தைப் பார்த்தார். “பாப்பா?”

“இருக்கு.”

“அதுக்கு…?”

“இன்னும் இல்ல. நல்லா இருக்கு. ரெண்டு செவ்வாய் தாண்டியாச்சு. அடுத்த செவ்வாயோட அவுத்துருவாங்க. ஆறு நாளுதான்லா.”

“சயாமுல கெடந்தவனுக்கு ஆறு நாளு என்னா,” என்று சொல்லிக் காலைப் பின்னால் எடுத்தார்.

என் கையிலிருந்த துணி ஆற்றோடு போய்விட்டது. எனக்கே அப்படி இருந்தது. இருளாயி அரிசிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாப்பாவிடம் சொல்லிவிடாதே அக்கா என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளை. அப்பா அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்தால் பாலத்தில் ஓடிவிடும். ஓடினால் அவர் தூக்காமல் இருக்கமாட்டார். இருவர் கையிலும் குத்தின தழும்பு இல்லை. உள்ளேயிருக்கும் முத்து எந்தப் பிள்ளையோடு வெளியே போகும் என்று யாருக்குத் தெரியும். அவருக்குச் சயாமில் என்ன ஒட்டிக்கொண்டதோ, அதுவும் தெரியாது. இருவரையும் உயிரோடு வைத்து ஒரு நாள் சேர்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவளுக்கு வேறு நினைப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பத்துமலை காலியாகக் கிடந்த கிராணி வீட்டில் தங்கினார். தகரத்தையெல்லாம் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். சமையற்கட்டுக்கு மட்டும் கூரை இருந்தது. இருளாயி தினமும் மத்தியானம் அவித்த கிழங்கை இலையில் கட்டிப் பாலத்து நடுவில் வைப்பாள். நாலு எட்டு பின்னால் வந்து நிற்பாள். அவர் வந்து எடுத்துக்கொண்டு நாலு எட்டு பின்னால் போவார். பிறகு இருவரும் கொஞ்சம் பேசுவார்கள். கிராணி வீட்டு மருமகனாகிவிட்டேன், உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருகிறது என்று அவர் சொல்ல, இருளாயி உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஐந்தாம் நாள் வீரம்மா என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். இரண்டாவது லயத்தில் இருந்தவள், புருஷன் இல்லாதவள். ஒரே மகன். அவனுக்கு நாலு நாளாகச் சுடுகிறது, இன்றைக்கு நெற்றியில் முத்து தெரிகிறது என்றாள்.

“நாலு நாளா ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அவுப்பு அவுப்புன்னு இருக்கீங்க. எம் மவனாலதான் கெட்டுச்சுன்னு ஆயிருமேன்னு…”

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். இருளாயி வந்து பையனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மத்தியானம் பாலத்தில் கிழங்கை வைத்துவிட்டு, “மறுபடியும் ஒண்ணு,” என்றாள். பத்துமலை கிழங்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

கோயில் வேம்பு அதற்குள் மொட்டையாகிவிட்டது. ஆறு மாதமாகப் படுக்கைக்கும் விசிறவும் தண்ணிக்கும் பறித்துப் பறித்துத் துளிர் விடவும் நேரம் இல்லை. கிராணி வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பு இருந்தது. பத்துமலை தினமும் ஒரு கட்டு ஒடித்து வந்து, கிழங்கை எடுத்த இடத்தில் வைக்க ஆரம்பித்தார். வைத்துவிட்டு, “இன்னிக்கு யாருக்கு?” என்று கேட்பார். இருளாயி பெயரைச் சொல்வாள். வீரம்மா மகனுக்கு. முனியன் பெண்சாதிக்கு. அவர் தலையை ஆட்டிக்கொள்வார். தூரத்திலிருந்து அவரைப் பார்க்கும் பிள்ளைகள் வேப்பிலைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பாப்பாவும் அப்படித்தான் சொல்லும்.

வீரம்மா மகன் பிழைத்தான். அவள்தான் ஒரு நாள் இருளாயியிடம், “சயாமுலயே சாவாதவரு இங்கயா சாவப் போறாரு. உள்ள விட்டுருடி,” என்றாள்.

“அவரு கையில தழும்பு இல்லக்கா,” என்றாள் இருளாயி.

“எங்கள்ள எத்தன பேருக்கு இருக்கு?”

“அதான்.”

அந்த வாரம் ஒரு நாள் நானும் அவளோடு பாலத்துக்குப் போயிருந்தேன், தண்ணீர்க் குடத்தோடு. பத்துமலை அந்தப் பக்கம் கட்டையில் உட்கார்ந்து கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார். தின்னவில்லை.

“அன்னிக்கு நான் பாப்பாவக் கொகையில ஒளிச்சு வச்சேன்லா,” என்றார்.

“ஆமா,” என்றாள்.

“நீ ஒண்ணும் சொல்லலியே.”

“என்னா சொல்ல. கெழங்கு ஆறுது, தின்னுங்க.”

அவர் தின்றார். அவர் முடிக்கிறவரை அவள் நின்றாள்.

முத்து கண்டவர் படுத்த சாக்கை எரித்துவிட வேண்டும் என்பது பூசாரி சொன்னது. ஆனால் அந்தக் காலத்தில் சாக்கு கிடைக்கிற சாமானா? நாங்கள் இடுப்பில் கட்டியிருந்ததே அதுதான். வீரம்மா தன் மகன் படுத்த சாக்கில் நல்லதாக ஒன்றை எடுத்து, வெந்நீரில் அலசி வேலியில் காயப் போட்டிருந்தாள். ஒரு மழை நாளில் பாப்பா அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு விளையாடியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தேன்.

ஐப்பசி கடைசி. அந்தத் தடவையும் இரண்டாவது செவ்வாய் தாண்டியிருந்தது. காலையில் பாப்பாவின் நெற்றியில் கை வைத்தேன். கொஞ்சநேரம் கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். பிறகு வாசலுக்குப் போய், கொட்டகையைப் பார்த்து இருளாயி என்று கூப்பிட்டேன். அவள் இருபது அடியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் தூக்குகிறாள். பாப்பா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “அம்மா, நான் இருக்கேன்,” என்றது.

இனிமேல் அவள் கொட்டகையை விட்டு அசையமுடியாது. என் கையில் குத்தின தழும்பு இருந்ததால் பாலத்துக்கு என்னைப் போகச் சொன்னாள். அவருக்குச் சொல்ல வேண்டாம் அக்கா என்றாள். சொன்னால் தாண்டிவிடுவார். தாண்டினால் இரண்டு பேரையும் பார்க்கத் தன்னால் முடியாது என்றாள். இதையெல்லாம் உப்பு இல்லை, புளி இல்லை என்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் பொய் சொல்லிப் பழகாதவள். அம்மன் கோயிலில் விளக்கு ஏற்றுகிற கை. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கிழங்கை வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் வந்தேன்.

“எங்கக்கா அது, வரலியா?” என்றார் பத்துமலை.

“கொட்டகையில வேல கூட.”

அது உண்மைதான். அவர் வேப்பிலைக் கட்டை வைத்தார். “இன்னிக்கு யாருக்கு?”

நான் வேப்பிலைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. ஒரு சிரட்டை மிதந்து வந்து கல்லில் தட்டி நின்றது. அது மறுபடி நகர்கிறவரை அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்து, ‘தாயே, அந்தக் கால் இந்தப் பக்கம் வரவேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கட்டு சின்னதாக இருந்தது. கொட்டகையில் கொண்டுபோய்ப் பிரித்தோம். ஒரு காம்பு இல்லை, ஒரு முற்றின இலை இல்லை. எல்லாம் சிவந்த கொழுந்து. ஒவ்வொன்றாக நடு ஈர்க்கை நகத்தால் கிழித்து எடுத்திருந்தது. விடியற்காலையிலிருந்து உட்கார்ந்தால்தான் அவ்வளவு முடியும்.

இருளாயி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். “தெரிஞ்சிருச்சு,” என்றாள்.

“ஆமா.”

“தாண்டலியே?”

“தாண்டல.”

அவள் கொழுந்தைப் பாயில் பரப்பினாள். பாப்பாவின் முதுகில் விரல் வைக்க இடம் இல்லாமல் முத்து வந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் என்னிடம் யாருக்கு என்று கேட்கவில்லை. வேப்பிலைக் கட்டை வைத்துவிட்டு, “இருக்கா?” என்பார். நான் “இருக்கு,” என்பேன். அதற்கு நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நாள் பாப்பாவுக்குப் பேச்சு நின்று, தண்ணீரும் இறங்கவில்லை. அன்று அவர் கேட்டபோது ‘இருக்கு’ என்றுதான் சொன்னேன், கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன். அவர் பாலத்துக் கைப்பிடிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாயங்காலம்வரை அப்படியே நின்றார் என்று கிழங்குக் காட்டிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். பாலம் இருபத்திரண்டு அடி. சயாமிலிருந்து வந்த மனிதர் அதைத் தாண்டவில்லை.

பாப்பா பிழைத்தது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி எல்லாம் பத்துமலை அனுப்பின வேப்பிலையில்தான் ஊற்றினோம். இருளாயி தலை முழுகி, தனிச் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு பாலத்துக்குப் போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“கண்ணு ஒண்ணு போச்சு,” என்றாள்.

“ம்.”

“நாளைக்குச் செவ்வாய். ஒண்ணு.”

“சரி,” என்றார்.

ஒன்று தாண்டியது. இரண்டு தாண்டியது. மூன்றாவது செவ்வாய்க்கு முந்தின நாள் பூசாரி வீடு வீடாகப் போய் எல்லார் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தார். யாருக்கும் சுடவில்லை. அப்படியும் அவர் அவிழ்க்கவில்லை. நம்மில் யாராவது வீரம்மா மாதிரி மறைத்து வைத்திருந்தால், இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும், தை பிறக்கட்டும் என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. வீரம்மாவே, ஆமா, இருக்கட்டும் என்றாள்.

தை முதல் செவ்வாயில் பூசாரி காப்பை அவிழ்த்தார். பதினோரு மாதம் அவர் கையில் கிடந்த கயிறு கறுத்துச் சதையோடு பதிந்திருந்தது. மரம் வெட்டும் உளியால்தான் அறுக்க வேண்டியிருந்தது. அதை ஆற்றில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, “இனிமே அழறவங்க அழலாம்,” என்றார். பத்தொன்பது பேர் போயிருந்தார்கள். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாலத்தின் அந்தக் கோடியில் பத்துமலை நின்றிருந்தார். இருளாயி தோரணத்தை அறுத்துப் போட்டுவிட்டு, “வாங்க,” என்றாள். அவர் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் மெதுவாக, கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பாப்பா என் சேலைச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. “வேப்பிலைக்காரரு,” என்றது.

“அப்பா,” என்றாள் இருளாயி.

பாப்பா தலையைத் திருப்பி வலது கண்ணால் பார்த்தது. பத்துமலை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையை எடுத்து, தோளுக்குக் கீழே, ஊசி குத்துகிற இடத்தைப் பார்த்தார். அங்கேயும் தழும்பு இருந்தது, மற்ற இடங்களில் இருந்த மாதிரியே. விரலால் ஒரு தடவை தடவிவிட்டுக் கையை விட்டார்.

அன்று மத்தியானம் பெண்களெல்லாம் கோயில் பின்னால் கூடினோம். எழவு வீட்டில் உட்காருகிற மாதிரி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்தோம். என் வலது பக்கம் வீரம்மா. இடது பக்கம் இருளாயி. ஒப்பாரி எடுத்துக் கொடுப்பவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எறும்பு ஒன்று என் காலில் ஏறி இறங்கியது. பிறகு யாரோ, கீழ்க்காட்டுக் கிழங்கை நாளைக்கே பிடுங்கவில்லை என்றால் பன்றி தின்றுவிடும் என்றார்கள். எல்லாரும் எழுந்தோம்.

ஜப்பான்காரன் போக இன்னும் ஏழு மாதம் இருந்தது. பத்துமலையின் கால் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கிழங்குக் காட்டு வேலைக்குப் போனார். பேச்சு குறைந்துவிட்டது. பாப்பா அவரிடம் ஒட்டிக்கொண்டது. அம்மா, அப்பா, மகள் என்று ஒரு வீட்டில் மூன்று பேரும் முழுசாக இருந்தது எங்கள் லயத்தில் அவர்கள் வீட்டில்தான். மற்றவர்கள் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இருளாயி கேட்டுக்கொள்வாள்.

அவர்கள் வீட்டு வாசல் என் வீட்டு வாசலிலிருந்து தெரியும். மத்தியானம் அவர் வேலையிலிருந்து வந்து ஓரமாக நிற்பார். இருளாயி கிழங்குத் தட்டைத் தரையில் வைப்பாள். வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் போய்ச் சுவரோரமாக நிற்பாள். அவள் போய் நின்ற பிறகுதான் அவர் வந்து தட்டை எடுப்பார். எடுத்துக்கொண்டு நாலு எட்டு பின்னால் போய் உட்காருவார். அவர் தின்று முடிக்கிறவரை அவள் நிற்பாள். இருவரும் அப்படிச் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நானும் சொல்லவில்லை. பாப்பா நடுவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்.